பழைய லேப்டாப்பும் ஒரு புயலும்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்த சீர்ச் சாமான்களைத் தெருப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். வெள்ளிக் குத்துவிளக்கைக் கையில் வைத்து எடை சொன்னார்கள். பித்தளை அண்டாவைத் தட்டிச் சத்தம் கேட்டார்கள். கறுப்புப் பைக்குள் இருந்த லேப்டாப்பை மட்டும் யாரும் தட்டவில்லை. அதன் மூடியின் ஒரு மூலை உடைந்து, அங்கே பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துக்கட்டை கழன்று போயிருந்தது. அது சீரில் சேர்த்தியா, மணப்பெண்ணின் துணிமணியில் சேர்த்தியா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கொண்டுபோய்ச் சித்தப்பாவின் அறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டாள். அது அங்கேயே இருந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் இரண்டு தறிகள்; ஒன்றில் அப்பா, இன்னொன்றில் கூலிக்கு வரும் ஒருவர். சித்தப்பா தறிப்பக்கம் வராமல் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அவர் போனபிறகு சித்தி குளித்துக் கோலம் போட்டு, அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்து, தாத்தாவுக்கு வெந்நீர் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடுவாள். அவள் நடப்பது யாருக்கும் கேட்காது. பின்கட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பக்கத்தில் நிற்பாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் அவள் அறையிலிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் மெல்ல விம்மும். பிறகு இரைச்சலாகி, அப்பாவின் தறிச் சத்தத்தோடு போட்டி போடும். முதல் தடவை கேட்டபோது தாத்தா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "இன்னாப்பா இது, உள்ளே தனியா ஒரு தறி ஓடிக்கினு இருக்குது?" என்றார். அது லேப்டாப்பின் மின்விசிறி. சித்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான பெண் கம்ப்யூட்டரில் விளையாடுவதை எங்கள் வீடு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், சின்னப் பெண்தானே என்று விட்டுவிட்டது. நான் விடவில்லை. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அவள் பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வேன். ஜன்னல் கம்பியில் பட்டு நூல் துண்டால் இன்டர்நெட் டாங்கிளைக் கட்டி வைத்திருப்பாள். சிக்னல் அங்கேதான் வரும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வாயருகே வளைந்து நிற்கும் மைக்கில் ஏதோ முணுமுணுப்பாள். திரையில் நான்கு பேர் குதிரையில் போவார்கள். பச்சை மேலங்கி போட்டது சித்தி. மற்ற மூவரும் அவளோடு கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள், ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி கோயம்புத்தூரில், ஒருத்தி எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று சித்தி சொல்லித்தான் இருந்தாள். நான் அதை நம்பவில்லை. கண்ணெதிரே குதிரைமேல் போகிறவர்கள் எப்படிப் பெங்களூரில் இருக்க முடியும்? அவர்கள் அங்கே, அந்த மலையில்தான் இருந்தார்கள். சித்தி முணுமுணுப்பதெல்லாம் குதிரைகளோடு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த உலகத்தை இப்போது நினைத்தாலும் கண் சொருகுகிறது. எங்கு பார்த்தாலும் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக இருக்கும். குதிரை முன்னால் போகப் போக, ஒரு மரம் வெள்ளையிலிருந்து பிரிந்து வரும்; பிறகு ஒரு பாலம்; பிறகு திடீரென்று ஒரு மலை, இத்தனை நேரமும் அங்கேயேதான் நின்றேன் என்பதுபோல. அது பழைய லேப்டாப்பின் இயலாமை என்றும், தூரத்தைக் காட்டத் தெம்பில்லாததால் பனி போட்டு மூடியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. நாம் பார்க்கப் போகும்போதுதான் உலகம் உண்டாகிறது என்று எண்ணிக்கொண்டேன். தோழிகள் விடைபெற்றுப் போனபிறகு சித்தி கட்டைகளை என்னிடம் விடுவாள். இருவரும் சண்டை போடாமல், புதையல் தேடாமல் சும்மா சுற்றுவோம். இடங்களுக்கு நான் பெயர் வைத்தேன். பெரிய ஏரி தாமல் ஏரி. மூன்று ஆறுகள் சேரும் இடம் திருமுக்கூடல். பாலாற்றில் நான் பார்த்ததெல்லாம் மணல்தான். கரை தளும்ப ஓடும் ஆற்றை முதலில் பார்த்தது அந்தத் திரையில். வெளியே தறி ஓடும். மின்விசிறி இரையும். சித்தியின் தோளில் தலை வைத்தபடி குதிரையை ஆற்றோரமாக நடத்திக்கொண்டு போய், பல நாள் அப்படியே தூங்கியிருக்கிறேன். விழிக்கும்போது குதிரை எங்கோ ஒரு பாறையில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும்.

ஆடி மாதத்தில் லேப்டாப் திணற ஆரம்பித்தது. மற்ற மூன்று குதிரைகளும் ஓடும்போது சித்தியின் குதிரை முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றுவிடும். அவள் மைக்கில், "இரும்மா, இரும்மா, வந்துடறேன்" என்பாள். குதிரை அசையும்போது மூவரும் பனிக்குள் போயிருப்பார்கள். அவள் தனியாக அவர்களைத் தேடிக்கொண்டு போவாள். சில வாரம் கண்டுபிடிப்பாள். சில வாரம் கண்டுபிடிக்காமல் சாயங்காலம் விளக்கு வைக்க எழுந்துவிடுவாள்.

பிறகொரு சனிக்கிழமை ஆட்டம் திறக்கவே இல்லை. புதிய பதிப்பு வந்துவிட்டதாம்; அதற்கு இந்த லேப்டாப்பின் மெமரி போதாதாம். திரையில் ஒரு சின்னப் பெட்டியில் நாலு வரி வந்து நின்றது. சித்தி அதைப் படித்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள், மறுபடி அதே நாலு வரி. ஹெட்போனைக் கழற்றாமலே அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. மாலையில் அம்மா அவளிடம் கொடுத்த மாவைக் கல்லில் வட்டமாக ஊற்றினாள்; ஒரு தோசைகூடப் பிய்ந்து வரவில்லை. ஆனால் இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா வேறு ஏதோ விசேஷம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டு, அது இல்லை என்று தெரிந்து ஓய்ந்தாள்.

சித்தப்பாதான் ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தார். "அவ லேப்டாப் போயிடுச்சுப்பா. புதுசு ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்."

இதற்கு எதிர்ப்பு வரும் என்று அவர் தயாராக வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "நல்லதாப் போச்சு. டிசைன் அனுப்பறானுங்க, போன்ல பாத்துப் பாத்து கண்ணு போவுது. பெரிய ஸ்க்ரீனா வாங்குடா" என்றார். பங்குனி உற்சவத்தில் ஏகாம்பரநாதர் திருக்கல்யாணத்தைக் கூட்டத்தில் இடிபடாமல் அதில் பார்க்க முடியுமா என்று தாத்தா விசாரித்தார். துபாயில் இருக்கும் தன் தம்பியோடு பேசினால் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அம்மா கேட்டாள். சித்தப்பா கையால் அளவு காட்டினார். அம்மாவுக்குத் திருப்தியாக இருந்தது. எங்கே வைப்பது என்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை. டிவிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தோதாக, ஹாலில். தூசு படாமலிருக்கத் தைக்கவேண்டிய உறைக்குத் துணி இருக்கிறதா என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. என் மனமும் பறந்தது. புதிய லேப்டாப்பில் ஆற்றுக்குள் நீந்தும் மீன்கூடத் தெரியும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த சித்தி, ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம் மாமா. பழசுக்கே மெமரி போட்டா போதும்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அவள் தானாக வாய் திறந்து சொன்ன முதல் கருத்து அதுவாகத்தான் இருக்கும்.

"ஏம்மா, புதுசு வாங்கித் தரேன்னு சொல்லிக்கினு இருக்கான். பழசே போதும்ன்றே?" என்றார் அப்பா.

"போதும் மாமா. அது நல்லாத்தான் இருக்குது."

அவ்வளவு தடவை மூச்சடைத்து நின்ற ஒரு பொருளை நல்லாத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. "பொய்! குதிரை நடக்கவே மாட்டேங்குது!" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். தாத்தா மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா! மறுநாளே தெருக்குழாயடியில் அம்மா தன் ஓரகத்தியின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் தங்கள் வீட்டு மருமகள்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். சித்திக்குச் சிக்கனக்காரி என்ற நல்ல பெயர் அப்படித்தான் வந்தது. இன்றுவரை அது போகவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் பாய் ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சித்தப்பாவுக்கு விடுமுறையாக இருந்த ஒரு காலையில் மூவரும் போனோம். பாய் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றி அடிப்பாகத்தைத் தூக்கினார். நான் மேசை விளிம்பில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஊர் இருந்தது. நேர்நேரான தெருக்கள், சதுரம் சதுரமாகக் குளங்கள், நடுவே வெள்ளியாக மின்னும் ஒரு கோபுரம். நம் ஊரை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இந்தத் தெருக்களில் ஏதோ ஒன்றில்தான் அந்த மூன்று பேரும் குதிரையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்றும் தோன்றியது.

பாய் சின்னக் குறடால் மின்விசிறிக்குள்ளிருந்து எதையோ இழுத்தார். பட்டுப் பிசிறு. அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் கலந்து பந்தாகச் சுருண்டிருந்தது. நடுவே ஒரு சரிகை இழை பளிச்சென்றது. "இன்னா சார், உள்ளயே ஒரு புடவை நெய்ஞ்சி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு சித்தியிடம், "கேம் ஆடத்தானேமா? உண்மையச் சொல்லிடறேன். ரேம் போடலாம், ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடலாம். சீக்கிரம் திறக்கும், நிக்காது. ஆனா கிராபிக்ஸ் போர்டோட ஒட்டிக்கினு இருக்குது, அதை மாத்த முடியாது. கேமுக்குன்னா புதுசு வாங்கறதுதான் சரி" என்றார்.

"ரெண்டு ஸ்லாட் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் சித்தி. வேறு சிலவும் கேட்டாள், எனக்குப் புரியவில்லை. பாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்து பதில் சொன்னார். சித்தப்பா இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவி இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கடைசியா சொல்லுங்க பாய். போட்டா ஓடுமா?"

"ஓடும். பறக்காது."

"ஓடினா போதும்."

சித்தப்பா அவளைச் சற்றுத் தள்ளி, தொங்கிக்கொண்டிருந்த கீபோர்டுகளுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடவே போனேன். "ஏன் இப்படி அடம் பிடிக்கறே? நான்தான் வாங்கித் தரேன்னு சொல்றேனே. அண்ணனே ஒத்துக்கினாரு. உனக்காகத்தானே வாங்கறேன்?" என்றார்.

சித்தி என் தலையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே கேட்டாள்: "வாங்கினா எங்க வைப்பீங்க?"

"ஹால்லதான்."

"அப்ப ஹாலுக்கு ஒண்ணு வாங்குங்க. எனக்கு இதுக்கு மெமரி போட்டுக் குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காய்க்காரனிடம் இது வேண்டாம், அதைக் கொடு என்பதுபோலத்தான் சொன்னாள். சித்தப்பா அந்தக் கீபோர்டுகளில் ஒன்றை விரலால் தட்டினார். எனக்கோ அழுகை வந்துவிடும் போலிருந்தது. எங்கே வைப்பது என்பதற்கும் எதை வாங்குவது என்பதற்கும் என்ன சம்பந்தம்? பெரியவர்கள் ஒன்றைப் பேசும்போது இன்னொன்றுக்குள் போய்விடுகிறார்கள் என்று வெறுப்பாக இருந்தது. சித்தப்பா திரும்பிப் போய், "அதையே போட்டுடுங்க பாய். ஸ்பீக்கர் கரகரன்னுதாம், அதையும் பாத்துடுங்க" என்றார். வழியில் எங்கள் இருவருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். சித்தி அன்று ஸ்கூட்டரில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குமுன் பின்கம்பியைத்தான் பிடிப்பாள்.

அடுத்த சனிக்கிழமை லேப்டாப் சத்தமே போடாமல் திறந்தது. தாத்தாகூட, "உள்தறி இன்னிக்கி லீவா?" என்று கேட்டார். ஆட்டம் வந்தது. மலை வந்தது. பனி பழையபடிதான் இருந்தது, கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவே. ஹெட்போனைத் தேடிக்கொண்டு சித்தி எழுந்து அலமாரிக்குப் போன நேரத்தில், பாய் சரிசெய்து கொடுத்த ஸ்பீக்கரிலிருந்து திடீரென்று பெண் குரல்கள் வெடித்தன.

"புயல் வந்தாச்சு! ஏய், புயல் வந்தாச்சுடி! எல்லாரும் வாங்க, புயல் வந்துடுச்சு!"

அறையே அதிர்ந்தது. நான் திரையைப் பார்த்தேன். வானம் வெளுப்பாக, அமைதியாக இருந்தது. ஒரு கிளைகூட அசையவில்லை. ஆனால் அந்த மூன்று குதிரைகளும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அவை பயந்து ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றியது. "சித்தி, புயல் வருதாம்! எங்க இருந்து வருது?" என்று கத்தினேன்.

சித்தி ஓடி வந்து ஹெட்போன் ஒயரைச் செருகினாள். குரல்கள் அறுந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை முந்தானையால் பொத்தியும் அடங்காமல், தோள் குலுங்கி, கண்ணில் நீர் வர. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வரும் பாப்பா, வரும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு குதிரையை ஒரு தட்டுத் தட்டி, மலைச்சரிவில் எல்லோருக்கும் முன்னால் விட்டாள். அன்று அவள் முணுமுணுக்கவில்லை. உரக்கப் பேசினாள்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது என்னை ஹாஸ்டலில் விடச் சித்தி கோயம்புத்தூர் வந்தாள். அந்த ஊரிலிருந்த அவள் தோழி எங்களைப் பார்க்க வந்து, ஹாஸ்டல் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே, "புயலே!" என்று கூப்பிட்டாள். சித்தி என் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். முப்பதைத் தாண்டிவிட்ட இரண்டு பெண்கள் நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக் குதிப்பதைக் காவலாளி எழுந்து நின்று பார்த்தார். ஹாஸ்டல் மாடிப்படியைச் சித்தி ஒருநாளும் நடந்து இறங்கியதில்லை என்றும், அவள் வந்தால் அறைக்கதவு சுவரில் மோதித்தான் நிற்கும் என்றும், வார்டன்தான் எரிச்சலில் முதலில் அப்படிக் கூப்பிட்டார் என்றும் தோழி சொன்னாள். எங்கள் வீட்டில் சித்தி எப்படி நடப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

இதெல்லாம் பிற்பாடு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஹாலுக்குப் புதிய லேப்டாப் வந்தது. தறிக்கும் அதற்கும் ஒரே தட்டிலிருந்து சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்பா அதில் மயில் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தார். அம்மா துபாய்த் தம்பியின் முகத்தைப் பார்த்து, இளைத்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் எழுந்தபிறகு சித்தப்பா எனக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தார்.

பனி இல்லை. ஏழு மலைக்கு அப்பாலும் தெரிந்தது. ஒவ்வொரு இலையும் தெரிந்தது. ஆற்றுக்குள் மீன்கள் நிஜமாகவே நீந்தின. நான் ஓடிப்போய்ச் சித்தியின் அறைக்கதவைத் தள்ளினேன். அவள் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து, டேப் ஒட்டிய மூடியை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். "சித்தி, ஹாலுக்கு வா! மீனெல்லாம் தெரியுது!" என்றேன். "நீ ஆடு பாப்பா, நான் அப்புறமா வரேன்" என்றாள். நல்லதைக் காட்டினால் வரத் தெரியாத அசட்டுச் சித்தி என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஹாலில் குதிரையை ஆற்றங்கரையில் நிறுத்தினேன். இவ்வளவு தெளிவான உலகத்தில் புயல் வந்தால் எப்படி இருக்கும்! மரங்கள் வளைவதையும் ஏரி பொங்குவதையும் முதல் ஆளாகப் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தேன். வானம் நீலமாகவே இருந்தது. பொறுக்காமல், ஈசிச்சேரில் டிவி பார்த்தபடி பொரிகடலை மென்றுகொண்டிருந்த தாத்தாவிடம், "தாத்தா, புயல் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"ஐப்பசி பொறக்கட்டும் பாப்பா, தானா வந்துடும்" என்றார் அவர்.

உள்ளறையில் சித்தி எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்தாள். நான் தாத்தாவுக்குக் கேட்கட்டும் என்று டிவிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, மறுபடியும் வானத்தைப் பார்க்க உட்கார்ந்தேன்.